மூன்றாவது மிதி

அல்லா பிச்சை பிறக்கும்போது தலையை உள்ளேயே வைத்துக்கொண்டு காலை முதலில் வெளியே நீட்டினார். பிரசவம் பார்த்த காத்தாயிக்கு அன்று வியர்த்துக் கொட்டிவிட்டது. தாயும் பிள்ளையும் இரண்டு நாள் இழுபறியாகக் கிடந்து பிழைத்தார்கள். ஆண்டவனிடம் கெஞ்சி வாங்கிய பிள்ளை என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். காத்தாயி தன் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

"காலால வந்த புள்ள இது. இடுப்புப் புடிச்சவங்கள்லாம் இனிமே இந்த வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

அப்படியேதான் நடந்தது. கால் வழியாகப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பது தஞ்சாவூர்ப் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத சங்கதி. ஏழு வயதிலிருந்தே அல்லா பிச்சையைத் தூக்கத்தில் எழுப்பி அழைத்துவந்து யாராவது ஒருவர் முதுகில் நிறுத்துவார்கள். அதற்கு முறை உண்டு. காலையில் வெறும் வயிறாக இருக்க வேண்டும். மிதிப்பவரும் பேசக்கூடாது, மிதிபடுபவரும் பேசக்கூடாது. இடது காலால் மூன்று முறை. அதுபோல் தொடர்ந்து மூன்று நாள், ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. பெண்கள் வந்தால் மேலே ஒரு கம்பளியை மடித்துப் போட்டு, கூட வந்தவர் பார்த்திருக்க, பெருவிரலால் மட்டும் அழுத்துவார்.

பெரியவரானதும் பாபநாசம் கடைத்தெருவில் சாக்கும் கயிறும் விற்றார். ஆசியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்போதும் விடிந்தால் வாசலில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடவு நட்டவர்கள், அறுவடையில் கட்டுத் தூக்கியவர்கள், மூட்டை சுமந்தவர்கள். அல்லா பிச்சை ஒரு பைசா வாங்கமாட்டார். பெருமையை மட்டும் வஞ்சனையில்லாமல் வாங்கிக்கொள்வார். யாராவது பத்து நாள் கழித்து நிமிர்ந்து நடந்து வந்து "விட்டுப்போச்சு பாய்" என்று சொன்னால், அன்று முழுக்க அவர் கடையில் கயிறு கொஞ்சம் நீளமாகவே அளக்கப்படும்.

தொண்ணூற்று ஒன்றில், வளைகுடாச் சண்டை முடிந்த கையோடு, அவரும் சபராளி ஆனார். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். சாக்கு வியாபாரத்தை பிளாஸ்டிக் பைகள் விழுங்கிக்கொண்டிருந்தன. தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை, அந்த வீடுகளில் மட்டும் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பது வயதில் சவுதியில் தம்மாமுக்குப் போய், தரையில் பதிக்கும் டைல்ஸ் பெட்டிகளை ஏற்றி இறக்கும் கிடங்கில் சேர்ந்தார்.

அங்கே போயும் அவர் கால் சும்மா இருக்கவில்லை. ஒரு பெட்டி முப்பது கிலோ. தொழிலாளர் கேம்ப்பில் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் வாரத்துக்கு ஒருவருக்கு இடுப்புப் பிடித்தது. கம்பெனி டாக்டரிடம் போனால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி ஊருக்கு ஏற்றிவிடுவான் என்று எல்லோருக்கும் பயம். அல்லா பிச்சையின் கால் அந்த அறைக்கு ஒரு ரகசிய ஆஸ்பத்திரி ஆகிப்போனது. தமிழர், மலையாளி, வங்காளி, பாகிஸ்தானி, எல்லோரும் விடியற்காலையில் பேசாமல் குப்புறப் படுத்தார்கள்.

அப்படிப் படுத்தவர்களில் ஒருவன் மணிவண்ணன். மயிலாடுதுறைப் பையன், இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி நாலே மாதத்தில் கிளம்பி வந்தவன். வாயைத் திறந்தால் கனகா, கனகா என்று பெண்டாட்டி புராணம்தான். அல்லா பிச்சையை அண்ணே என்று கூப்பிடுவான். ஊர்க்காரன் என்பதால் அவருக்கும் அவன்மேல் தனிப் பிரியம்.

தொண்ணூற்று நாலு மே மாதம் அவனுக்கு வலி வந்தது. இடுப்பில் தொடங்கி, பிட்டத்தில் ஊன்றி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கணுக்கால் வரைக்கும் சுண்டி இழுத்தது. இருமினால் உயிர் போயிற்று. மூன்று வாரம் வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டி தூக்கினான். பிறகு ஒரு நாள் அல்லா பிச்சையின் கட்டிலருகே வந்து நின்றான்.

"அண்ணே, எனக்கும் மிதிச்சு விடுங்க."

முதல் நாள் மிதித்தார். இரண்டாம் நாள் மிதித்தார். இரண்டாம் நாள் மிதித்து இறங்கியதும் அவன் மெதுவாக எழுந்து நின்று, இருமிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே! வலியே இல்லண்ணே! காலு மட்டும் கொஞ்சம் மரத்துக் கெடக்கு. மத்தபடி துளி வலி இல்ல!"

அறையே கைதட்டியது. அல்லா பிச்சை அடக்கமாகச் சிரித்துக்கொண்டு டீ போடப் போனார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் வலி விட்டுப்போனது யாருக்குமே இல்லை.

மூன்றாம் நாள் மணிவண்ணனை வேறு கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவனுக்கு வலது பாதம் தொங்கிப்போயிருந்தது. நடந்தால் பட் பட்டென்று தரையில் அடித்தது. விரலைத் தூக்கு என்றால் அவனும் தூக்கத்தான் பார்த்தான், விரல் அசையவில்லை. கம்பெனி டாக்டர் ஒரு நிமிடம் பார்த்தான். அடுத்த வாரம் விமான டிக்கெட் வந்தது.

கிளம்பும் நாளில் அவன் அல்லா பிச்சையின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி கேட்டான்.

"ஏன்ணே இப்படி ஆச்சு? வலி போயிடுச்சேண்ணே."

அறையே பார்த்துக்கொண்டிருந்தது. அல்லா பிச்சைக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். ஆனால் ஏழு வயதிலிருந்து சேர்த்த பெருமை சும்மா விடுமா? நாக்கு முந்திக்கொண்டது.

"மூணாவது மிதி விட்டுப்போச்சு தம்பி. நீ மூணாவது நாள் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது."

அவன் தலையாட்டினான். அறையும் தலையாட்டியது. சொன்ன அல்லா பிச்சையே அதை நம்பிவிட்டார். நம்புவது வசதியாக இருந்தது. அதன் பிறகும் எட்டு வருடம் மிதித்தார்.

இரண்டாயிரத்து இரண்டில் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருடமே அதே வலி அவரைப் பிடித்தது. இடுப்பு, பிட்டம், தொடை, கணுக்கால், அதே பாதை. உட்கார்ந்தால் வலி, குனிந்தால் வலி. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்குப் போனால் எழ முடியவில்லை. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழ ஆரம்பித்தார். கடைத்தெருவில் பார்த்தவர்களெல்லாம் "மிதிக்கிறவருக்கே மிதி கேக்குதா பாய்?" என்று சிரித்தார்கள். பதிலுக்கு அவரும் சிரித்து வைத்தார்.

ஆசியா எங்கெங்கோ விசாரித்து, திருவையாற்றில் கால் வழியாகப் பிறந்த ஜெக்கரியா என்பவரைக் கண்டுபிடித்தார். ஜெக்கரியா நல்ல மனிதர், தொண்ணூறு கிலோ. மூன்று நாளும் வந்து, முறை தவறாமல், வெறும் வயிற்றில், பேசாமல் மிதித்தார். மூன்றாம் நாள் மிதித்து இறங்கியதும் அல்லா பிச்சையால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆசியா அழுதுகொண்டே கார் பிடித்துக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் பார்த்து, படம் எடுத்து, மாத்திரை கொடுத்து, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே மங்களாம்பிகை என்று ஒரு சின்னப் பெண். மகள் வயது இருக்கும். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கால் மாட்டில் நின்றுகொண்டு, "பெருவிரலை மேல தூக்குங்கய்யா, நான் அமுக்குறேன், விடாதீங்க" என்றாள். தூக்கினார். "பரவால்ல, பலம் இருக்கு. இது போகலன்னா பயமில்ல" என்றாள்.

முதுகெலும்பில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு வட்டு இருக்கிறது, அது பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அந்த நரம்பு கால்வரை ஓடுவதால் வலியும் கால்வரை ஓடுகிறது, சயாட்டிகா என்று பெயர் என்றாள். என்னென்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். தரையில் சம்மணம் போடக்கூடாது. அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது, முடிந்தவரை நடக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. எழும்போது பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழ வேண்டும். பின்பக்கப் பையில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அல்லா பிச்சை ஒவ்வொன்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, தயங்கித் தயங்கித் தன் கால் கதையைச் சொன்னார்.

மங்களாம்பிகை கோபப்படவில்லை, சிரிக்கத்தான் செய்தாள்.

"பத்துல எட்டுப் பேருக்கு இது ஆறு வாரத்துல அதுவாவே சரியாயிடும்ங்கய்யா. யாரும் மிதிக்க வேண்டாம். நீங்க மிதிச்சதால விட்டுச்சுன்னு அவங்க நெனச்சிருப்பாங்க."

நாற்பத்தைந்து வருடப் பெருமையை ஒரு சின்னப் பெண் இரண்டு வாக்கியத்தில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். "மீதி ரெண்டு பேருக்கு?" என்று கேட்டார்.

"அவங்களைத்தான் பாத்துக்கணும். கால் மரத்துப் போறது, பாதம் தொங்குறது, ஒண்ணுக்கு வர்றது தெரியாமப் போறது, இதெல்லாம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சில பேருக்கு திடீர்னு வலி போயிட்டு கால் மரத்துக் கெடக்கும். நல்லாயிடுச்சுன்னு சந்தோசப்படுவாங்க. நல்லாகலங்கய்யா, நரம்பு செத்துக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல முதுகுல ஏறி மிதிச்சா கேக்கவே வேண்டாம்."

அல்லா பிச்சை அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் கேட்கவில்லை. காதில் அந்த அறையின் கைதட்டல்தான் கேட்டது. ஒரு பையன் தன் கால் செத்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோது, தான் சிரித்துக்கொண்டே டீ போடப் போனதை நினைத்தார். பழியையும் அந்தப் பையன் தலையிலேயே கட்டி ஊருக்கு அனுப்பியதை நினைத்தார். கட்டிலில் படுத்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வலி போலிருக்கிறது என்று மங்களாம்பிகை வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஆறு வாரம் சொன்னபடி நடந்தார், சொன்னபடி படுத்தார். கால் வலி பாதிக்கு மேல் குறைந்தது. மனப் பாரம்தான் ஒரு நாள்கூட இறங்கவில்லை. மணிவண்ணனைப் பார்த்து, உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவன் எந்தக் காலால் உதைத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய டைரியில் இருந்த முகவரிக்கு, பார்க்க வருகிறேன் என்று மட்டும் ஒரு கார்டு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கும்பகோணத்தில் பஸ் மாறி, மயிலாடுதுறை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார். உட்கார இடம் கொடுத்தவர்களிடம் வேண்டாம் என்றார். அந்த வருடம் காவிரியில் தண்ணீர் வரவில்லை. குறுவை போன வழி தெரியவில்லை, வழி நெடுக வயல்கள் வெடித்துக் கிடந்தன. பஸ்ஸில் பாதிப் பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

மணிவண்ணன் ஜங்ஷன் பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத். பின்பக்கமே வீடு. பூத் கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்ததும், பாதத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. அதே சிரிப்பு.

"அண்ணே! கார்டு வந்துச்சுண்ணே! ஆண்டவனாப் பாத்து ஒங்கள அனுப்பிவிட்டான்!"

அல்லா பிச்சை வழி நெடுக ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தொடங்க வாயெடுத்தார். அவன் விட்டால்தானே.

"கனகாவுக்கு இருபது நாளா இதே வலிண்ணே. நடவு இல்லாததால சித்தாள் வேலைக்குப் போனா, செங்கல் தூக்குனதுல புடிச்சிருச்சு. ஆஸ்பத்திரி போலாம்ன்னா. நாந்தான், இருடி, அண்ணன் வர்றேன்னு எழுதியிருக்காரு, அவர் கால் பட்டா போதும்னு நிறுத்தி வச்சிருக்கேன். எனக்கு ஒரு நாள் விட்டுப்போனதுல காலே போச்சு. அந்த முட்டாத்தனத்த திரும்பச் செய்ய மாட்டேன். மூணு நாளும் இருந்து மிதிச்சுட்டுத்தான் நீங்க போகணும். ஒங்களுக்குப் பாய் தலையாணி எல்லாம் எடுத்து வச்சாச்சு."

மணிவண்ணன் குரலைத் தாழ்த்தி, சந்தோஷமாகச் சொன்னான்.

"நீங்க வர்ற நேரந்தானோ என்னமோ, நேத்திலேருந்து அவளுக்கு வலியே இல்லங்கிறா. காலு மட்டும் கொஞ்சம் மரத்துக் கெடக்காம்."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பின்கட்டு வாசலுக்குப் போய் நின்றார். உள்ளே கனகா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு எழப் பார்த்தாள். மூலையில் ஒரு கம்பளி மடித்துத் தயாராக வைக்கப்பட்டிருந்தது.

"எந்திரிக்காதம்மா. அந்த வலியெடுத்த கால் பெருவிரல மேல தூக்கு பாப்போம்."

கனகா முயன்றாள். முகம் சுருங்கியது. விரல் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

"முந்தா நாளுவரைக்கும் தூக்குனேங்க. காலைலேருந்து செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது. இவரு பயப்படுவாருன்னு சொல்லல" என்றாள்.

"தம்பி, ஆட்டோ கூப்பிடு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மிதிச்சுட்டு…"

"மிதிக்கக் கூடாதுடா!" என்று கத்திவிட்டார். பிறகு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. "ஒனக்கு வலி போச்சுன்னு சொன்னியே, அது நல்லாகல. நரம்பு செத்துக்கிட்டு இருந்துச்சு. அது தெரியாம நான் மேல ஏறி மிதிச்சேன். மூணாவது மிதின்னு ஒண்ணும் கெடையாது தம்பி. பன்னெண்டு பேர் முன்னாடி என் மானம் போயிடுமேன்னு சொன்னது அது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஒன் காலு நின்னிருக்கலாம். என்ன மன்னிச்சிரு."

மணிவண்ணன் அவரையே பார்த்தான். பிறகு தன் வலது பாதத்தைக் குனிந்து பார்த்தான், யாரோ புதிதாகக் கொண்டுவந்து மாட்டிய பாதத்தைப் பார்ப்பதுபோல. வெளியே போய் ஆட்டோவை அழைத்துவந்தான். கனகாவைத் தானே தூக்கினான். அந்தக் காலோடு தடுமாறினான். அல்லா பிச்சை கை கொடுக்க முன்னால் வந்தபோது, "வேண்டாம்" என்றான்.

பின் சீட்டில் கனகாவைப் படுக்க வைத்ததும் ஆட்டோவில் இடம் இல்லை. அவன் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டோ கிளம்பும்போதுதான் பேசினான்.

"ஒம்போது வருசமா என்னையேதான் திட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதான்னு, இவ எத்தனையோ தடவ கேட்டிருக்கா."

கடை திறந்து கிடந்தது. அல்லா பிச்சை அங்கேயே நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, போகவும் மனம் வரவில்லை. இரண்டு மூன்று பேர் வந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேசிவிட்டுப் போனார்கள். சில்லறையை மேசையில் வாங்கி வைத்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை, வலிக்காக இல்லை. மணிவண்ணனுடைய நாற்காலியில் உட்கார அவருக்குத் துணிவு வரவில்லை. கனகாவின் கால் பிழைக்க வேண்டும் என்று துஆ செய்தார். அது பிழைத்தால் அவன் மனமும் இறங்கும் என்று ஒரு நப்பாசை அந்த துஆவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டார்.

பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடித்த நேரம் பூத் போன் அடித்தது. எடுத்தார். மணிவண்ணன்தான்.

"யாரு, பாய்ங்களா? இன்னும் இருக்கீங்களா?"

ஒன்பது வருடத்துக்கு முன்பும், இன்று காலையும், அண்ணே என்று கூப்பிட்ட வாய் அது.

"இருக்கேன் தம்பி. எப்படி இருக்கு?"

"டாக்டர் பாத்துட்டாங்க. தஞ்சாவூருக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, இப்ப ஆம்புலன்ஸ்ல கெளம்புறோம். ஆபரேசன் பண்ணணுமாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதாம். இப்ப காலு வந்துரும்ங்கிறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அல்லா பிச்சை. "தம்பி, நானும் தஞ்சாவூருக்கு வரட்டுமா? கூட மாட…"

அந்தப் பக்கம், பின்னால் யாரோ கனகா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வேண்டாம் பாய். கடையப் பூட்டி, சாவிய பக்கத்து டீக்கடையில குடுத்துடுங்க."

"சரிப்பா. அப்ப நான்…" என்று இழுத்தார். எந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், சண்டை போட்டுக்கொண்டே கிளம்பினாலும், போயிட்டு வாங்க என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவது நம் பழக்கம். அந்த ஒரு சொல்லுக்காக ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"போங்க" என்றான் மணிவண்ணன். போனை வைத்துவிட்டான்.